வழி தவறியவரின் சிரிப்பு

மைசூர் தேவராஜ மொஹல்லாவைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கையேட்டைப் புரட்டினாலும் ஏறக்குறைய ஒரே தகவல்கள்தான் இருக்கும். சாயாஜி ராவ் சாலையை ஒட்டி, நூறாண்டு கடந்த தேவராஜ மார்க்கெட். பக்கத்தில், ஊரார் 'சிக்க கடியார' என்று அழைக்கும் டஃபரின் மணிக்கூண்டு. உள்ளே போனால் குங்குமமும் மஞ்சளும் நீலமும் கூம்பு கூம்பாகக் குவித்த கடைகள், மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழம். படம் எடுக்க ஏற்ற நேரம் காலை. எல்லாம் சரியான தகவல்கள். ஆனால் இரவு படுக்கப்போகும் முன் இதை இரண்டாவது தடவை யாரும் எடுத்துப் படிப்பதில்லை.

கும்பகோணத்துக்காரர் ஒருவர் இதே மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முழக் கணக்கில் கேட்கிறார். பூக்காரர் 'மாரு' என்கிறார். மாரு என்பது இரண்டு கைகளையும் விரித்த நீளம் என்று புரியவே ஐந்து நிமிடம் ஆகிறது. யாருடைய கை என்பது அடுத்த கேள்வி. பிறகு ஹோட்டலுக்குப் போகிறார். பால் ஹாலு ஆகும், பூ ஹூவு ஆகும் என்ற சூத்திரம் அதற்குள் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. தன் கன்னட ஞானத்தை நினைத்துப் பெருமையோடு உட்கார்ந்திருக்கும்போது சர்வர் வந்து, சாதத்துக்கு 'ஹுளி' போடட்டுமா என்று கேட்கிறார். சூத்திரப்படி பார்த்தால் புலி! மனிதர் ஆடிப்போகிறார். வந்தது புளி, அங்கே சாம்பாருக்கு அப்படி ஒரு பெயர். ல, ள தகராறு தமிழனுக்கு உள்ளூரிலேயே உண்டு. எல்லை தாண்டியும் கூடவே வருகிறது.

இந்த இரண்டாவது ரகக் கதையை நாம் ஏன் விரும்புகிறோம்? வேடிக்கையாக இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்தபடியே ஊர் சுற்றிய திருப்தி கிடைக்கிறது என்பது வழக்கமான பதில். பொய்யில்லை, ஆனால் முழு பதிலும் இல்லை. சினிமாவும் தொலைக்காட்சியும் அதைவிடத் தெளிவாக ஊரைக் காட்டிவிடும். நகைச்சுவையான பயணக் குறிப்புகள் செய்யும் காரியம் வேறு. அவற்றில் பயணி ஒரு படி கீழே இறங்கி நிற்கிறார். உள்ளூர்க்காரர் ஒரு படி மேலே நிற்கிறார். பூக்காரருக்குத் தெரிந்தது நம் கும்பகோணத்துக்காரருக்குத் தெரியவில்லை. சிரிப்பு எழுவது அந்த இடத்தில்தான். பிறத்தியார் ஊரில் விருந்தாளி காட்டக்கூடிய மரியாதை இது.

இந்த மரியாதை பயண எழுத்தில் எப்போதும் இருந்ததில்லை. மைசூரையே எடுத்துக்கொள்ளலாம். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டே, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் உத்தரவுப்படி பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடக் கடலோரம், மலபார் எங்கும் சுற்றினார். அவர் எழுதியது 1807-ல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. எந்த ஊரில் என்ன பயிர், என்ன வரி, எத்தனை வகை மாடு, எந்தச் சாதியார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று ஒன்றுவிடாமல் குறித்திருக்கிறார். சரித்திரம் எழுதுபவர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் அது கணக்கெடுக்க வந்தவரின் குறிப்பேடு. புதிதாகப் பிடித்த நாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போகிறவர் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ள மாட்டார். அது அவர் வேலையும் அல்ல.

அவருக்குப் பின் வந்த எத்தனையோ துரைமார் தங்கள் இந்திய அனுபவங்களை எழுதினார்கள். அவற்றிலும் வேடிக்கை உண்டு. ஆனால் அங்கே கோமாளி பெரும்பாலும் பட்லர், சமையல்காரர், குதிரைக்காரர். துரையின் ஆங்கிலம் புரியாமல் விழிப்பவர் சிரிப்புக்கு ஆளானார். தமிழ் புரியாமல் விழித்த துரை சிரிப்புக்கு ஆளாகவில்லை. இரண்டும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் நடந்தவைதான்.

இந்தத் தராசைத் திருப்பிவைத்தவர்கள் மேலை நாட்டிலும் இருந்தார்கள். 1867-ல் கப்பலேறி ஐரோப்பாவையும் ஜெருசலேமையும் பார்த்துவந்த மார்க் ட்வெயின், கூடப் போன அமெரிக்க யாத்திரிகர்களைத்தான் அதிகம் கிண்டல் செய்தார். 1869-ல் வெளிவந்த அந்த 'இன்னொசென்ட்ஸ் அப்ராட்', அவர் வாழ்நாளில் அவருடைய நூல்களிலேயே அதிகம் விற்றது. பிற்காலத்தில் கடனில் மூழ்கி, அதை அடைக்க உலகம் சுற்றிச் சொற்பொழிவாற்றியபோது, 1896-ல் இந்தியாவுக்கும் வந்தார். இங்கிலாந்தில் ஜெரோம் கே. ஜெரோம், தேம்ஸ் நதியைப் பற்றிச் சரித்திரத் தகவல்களோடு பொறுப்பான வழிகாட்டி நூல் ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தார். இடையிடையே தூவ நினைத்த வேடிக்கைகள் புத்தகத்தையே விழுங்கிவிட்டன. 1889-ல் வந்த 'த்ரீ மென் இன் எ போட்' இன்னும் அச்சில் இருக்கிறது. அதில் மிஞ்சிய சரித்திரப் பகுதிகளைத் தாண்டிக் குதித்துவிட்டுப் படிக்கிறவர்களே அதிகம்.

இதே பாடத்தைத் தன் சொந்த வாழ்க்கையில் இரண்டு முறை எழுதிப் பார்த்தவர் மைசூரில் இருந்தார். ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்த தமிழர். தந்தை மைசூரில் தலைமை ஆசிரியராக இருந்ததால் அந்த ஊர்க்காரரானார். தினமும் நெடுந்தூரம் நடப்பதும், வழியில் எதிர்ப்பட்டவர்களோடு நின்று பேசுவதும் அவர் வழக்கம். 1937-ல் தந்தை இறந்தார். நாவல்கள் வந்திருந்தனவே தவிர வருமானம் வரவில்லை. அந்த நிலையில், மைசூர் சமஸ்தானத்தைப் பற்றிப் பயண நூல் ஒன்று எழுதித்தரும் அரசாங்க வேலையை ஒப்புக்கொண்டார். 'மைசூர்' என்ற பெயரில் அது வெளிவந்தது. நாராயணின் நூல்களைப் பட்டியலிடச் சொன்னால் அதைச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு.

1956-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அமெரிக்கா போனார். ஐம்பதை நெருங்கிய வயதில் அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம் அது. அங்கே எழுதிய குறிப்புகள் 'மை டேட்லெஸ் டைரி' என்று 1960-ல் அவருடைய சொந்தப் பதிப்பகமான இந்தியன் தாட் வெளியீடாக மைசூரிலிருந்து வந்தன. தலைப்பிலேயே தேதி இல்லை. எந்த ஊரின் மக்கள்தொகை எவ்வளவு, எந்தக் கட்டிடம் எத்தனை மாடி என்ற விவரங்களும் ஏறக்குறைய இல்லை. இருப்பவை என்ன? கறுப்புக் காப்பியா, வெள்ளைக் காப்பியா என்று கேட்கும் கவுண்டரில், காப்பி இரண்டு நிறத்திலும் இருக்கக்கூடாது, பழுப்பாக இருக்கவேண்டும் என்று விளக்கம் சொல்லப் புறப்படும் ஒரு தென்னிந்தியர். இறைச்சி சாப்பிடாத மனிதன் இருக்கக்கூடும் என்பதையே நம்பாத ஹோட்டல்கள். கடைசியில் தங்கிய அறையிலேயே சோறு வடித்துக்கொள்ளும் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர். நியூயார்க்கில் அவரைச் சந்தித்த நடிகை கிரேட்டா கார்போ சினிமாவைப் பற்றிப் பேசவில்லை; தியானத்தையும் மந்திரத்தையும் பற்றி அவரிடம் கேட்கிறார். இந்தியர் என்றாலே ஞானி என்று எதிர்பார்க்கிறார்கள். இவருக்கோ நல்ல தயிர்சாதம் எங்கே கிடைக்கும் என்ற கவலை.

இந்த நூலில் அமெரிக்கர்களைக் கேலி செய்ய நாராயணுக்கு வாய்ப்பு நிறையவே இருந்தது. அவர் கேலி செய்யாமலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கேலியிலும் பாதியைத் தன் பங்காக எடுத்துக்கொள்கிறார். காப்பிக் கவுண்டரில் சிரிப்புக்கு ஆளாவது பரிமாறுபவர் மட்டுமல்ல. பின்னால் வரிசை காத்திருக்க, காப்பி தர்மத்தை உபதேசிக்கும் மைசூர்க்காரரும்தான். அதனால்தான் அமெரிக்கர்களும் அதைக் கோபமில்லாமல் படிக்க முடிந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பயணத்தின்போது பெர்க்லி நகரில் ஹோட்டல் அறையில் தங்கி அவர் எழுதிய நாவல் 'தி கைட்'. மால்குடி ரயில் நிலையத்தில் இறங்கும் சுற்றுலாப் பயணிகள் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லாத ராஜு என்ற வழிகாட்டியின் கதை. ஊர் தெரியாத பயணியாகத் தவித்துக்கொண்டே, ஊர் தெரிந்ததாகப் பாவனை செய்யும் வழிகாட்டியைப் படைத்திருக்கிறார்! பயணத்தின் இரண்டு பக்கங்களும் அந்த ஒரு வருஷத்தில் அவர் மேஜைமேல் இருந்தன. பிறகு கர்நாடக அரசு கேட்டுக்கொண்டு, தம்பி ஆர்.கே. லக்ஷ்மணின் சித்திரங்களோடு 'தி எமரால்ட் ரூட்' என்ற பயண நூலையும் 1977-ல் எழுதினார். அழகான நூல்தான். ஆனால் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கையிலெடுப்பது சோறு வடித்தவரின் டைரியைத்தான்.

மைசூரைச் சுற்றியுள்ள கன்னட உலகம் இந்த ரக எழுத்தை நம்மைவிட நன்றாகவே கௌரவித்திருக்கிறது. ஹாசன் மாவட்டத்தில் ஹேமாவதிக் கரையில் உள்ள கொரூர் கிராமத்தவர் கொரூர் ராமசுவாமி அய்யங்கார். கிராமத்து மனிதர்களைப் பற்றிய சிரிப்பான கட்டுரைகளால் பெயர் பெற்ற காந்தியவாதி. முதிய வயதில் அமெரிக்கா போய்வந்து அவர் எழுதிய 'அமெரிகதல்லி கொரூரு' நூலுக்கு 1980-ல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. தலைப்பைக் கவனியுங்கள். கொரூர் என்பது அவர் பெயர். அவர் கிராமத்தின் பெயரும் அதுவே. அமெரிக்காவுக்குப் போனது ஒரு மனிதரா, ஒரு கிராமமா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வைத்த தலைப்பு. கிராமத்துக் கண்ணைக் கழற்றி வைக்காமல் அமெரிக்காவைப் பார்த்ததுதான் அந்த நூலின் சுவை.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1978-ல், அதே பரிசைப் பெற்ற கன்னட நூல் தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. பி.ஜி.எல். சுவாமி என்ற தாவரவியல் பேராசிரியரின் 'ஹசுரு ஹொன்னு'. பச்சைப் பொன் என்று பொருள். கன்னட இலக்கியத்தில் டி.வி.ஜி. என்று எல்லோரும் அறிந்த டி.வி. குண்டப்பாவின் மகன் இவர். ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தவர். பல ஆண்டுகள் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை பார்த்தார். கடைசிக் காலத்தில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்தார், 1980-ல் காலமானார். சென்னை மாணவர்களை அழைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் செடி பொறுக்கப் போன அனுபவங்களே 'ஹசுரு ஹொன்னு'. ஒவ்வொரு செடியின் இலை, பூ, உறுப்பு எல்லாம் அவரே வரைந்த படங்களோடு இருக்கின்றன. நடுநடுவே மாணவர்களின் குறும்பு, அட்டைக்கடி, மழை, சாப்பாட்டுத் திண்டாட்டம். தாவரவியல் பாடப்புத்தகத்தைத் தொடாத குடும்பங்களிலும் கன்னடத்தில் அந்த நூல் படிக்கப்பட்டது. அதில் வரும் பிள்ளைகள் பலர் தமிழ்ப் பிள்ளைகள். சென்னையில் பாடம் சொன்ன ஒரு கன்னடியர், அவர்களைத் தன் மொழி வாசகர்களுக்கு அறிமுகம் செய்துவைத்திருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்தது. தி. ஜானகிராமனும் சிட்டி என்ற பெ.கோ. சுந்தரராஜனும் காவிரியைத் தொடர்ந்து, தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை போய் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971-ல் வெளிவந்தது. சரித்திரம், கோயில், சங்கீதம், புராணம் எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் மனத்தில் தங்குவது வழியில் எதிர்ப்படும் மனிதர்களின் பேச்சும், அதைக் காது கொடுத்துக் கேட்கும் இரண்டு ஆசாமிகளின் சுபாவமும்தான். தஞ்சாவூர்க்காரருக்குக் காவிரி தன் வீட்டுச் சொத்து என்ற நினைப்பு உண்டு. மைசூர்ச் சீமையில், அதே நதியைத் தங்கள் வீட்டுச் சொத்தாக நினைக்கும் இன்னொரு ஜனத்தைப் பார்க்கிறார்கள். பகையாக அல்ல, ஆச்சரியமாக.

தமிழில் இந்த மரபுக்கு அதற்கும் முந்திய அஸ்திவாரம் ஏ.கே. செட்டியார். கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர். ஜப்பானில் புகைப்படக் கலை படித்தவர். காந்தியைப் பற்றிய ஆவணப் படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து துண்டுப் படங்களைச் சேகரித்து, 1940-ல் அதை வெளியிட்டவர். அதே காலத்தில் வந்த அவருடைய 'உலகம் சுற்றும் தமிழன்', விமானப் பயணம் கோடீசுவரர்களுக்கே கைக்கெட்டாத நாட்களில் எழுதப்பட்டது. இன்று ஒருவர் அப்படிச் சுற்றினால் தன் பெருமைக்கே பத்து அத்தியாயம் ஒதுக்குவார். செட்டியாரோ தன்னை முன்னே நிறுத்துவதில்லை. சின்னச் சின்ன வாக்கியம். முகத்தில் சிரிப்பு தெரியாத நகைச்சுவை. வேடிக்கையான சம்பவத்தைச் சொல்லிவிட்டு, விளக்கம் தராமல் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். விகடன் ஆசிரியர் குழுவில் இருந்த தேவனும் கீழை நாடுகளுக்குப் போய்வந்து 'ஐந்து நாடுகளில் அறுபது நாள்' எழுதினார். துப்பறியும் சாம்புவைப் படைத்தவருக்குத் தன்னையே சாம்புவாக்கிக்கொள்வது கஷ்டமாக இருந்திருக்காது.

இவர்களுக்குப் பிறகு நம் வாரப் பத்திரிகைகளில் பயணக் கட்டுரைகள் பெருகின. தரம் அதே அளவில் பெருகியதாகச் சொல்வதற்கில்லை. விமான நிலையத்தில் மாலையோடு வரவேற்றவர் யார், எந்தச் சங்கத்தின் தலைவர் வீட்டில் விருந்து, எத்தனை வகைப் பட்சணம், புறப்படும்போது யார் என்ன பரிசு கொடுத்தார் என்று போகும் கட்டுரைகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அவை பயணக் கட்டுரைகள் அல்ல, நன்றி நவிலல்கள். இன்னொரு ரகம், போன இடத்திலுள்ளவர்களின் உடையையும் உணவையும் உச்சரிப்பையும் பார்த்துச் சிரிப்பது. முன்பு துரைமார் நமக்குச் செய்ததை நாம் பர்மாவிலும் மலேயாவிலும் செய்து பார்த்தோம். இரண்டு ரகங்களிலும் ஒரே குறை. எழுதுபவர் எதிலும் ஏமாறுவதில்லை. எங்கும் வழி தவறுவதில்லை. அப்படிப்பட்டவரிடம் வாசகனுக்கு வேலை இல்லை.

இப்போது வழி தவறுவதே கடினமாகிவிட்டது. கைப்பேசி வரைபடம் தேவராஜ மார்க்கெட்டின் எந்த வாசலில் நுழைவது என்று சொல்கிறது. கன்னடத்தில் கேட்டதைத் தமிழில் மொழிபெயர்க்கிறது. குங்குமக் குவியலுக்கு முன்னால் நின்று எடுக்கும் படங்களும் வீடியோக்களும் கணக்கில் அடங்காதவை. அவற்றிலும் சிரிப்பு இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் காமிரா முன்னால் நிற்பவருக்குக் கிடைப்பது பாராட்டு. பின்னால் நிற்கும் கடைக்காரர் அலங்காரப் பொருள். பேரம் பேசிய பிறகு கடைக்காரர் சொன்ன பதில் காதில் விழாமலேயே வீடியோ முடிந்துவிடுகிறது. வசதிகளைக் குறைசொல்லிப் பயனில்லை. மழையில் நனைந்து, அகாலத்தில் பஸ் நிலையத்தில் நிற்பவருக்கு அந்த வரைபடம் தெய்வம். ஆனால் யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லாத பயணத்தில், யாரிடமும் பேசத் தேவையும் இல்லை. பேச்சு இல்லாத இடத்தில் கதை எங்கிருந்து வரும்?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபத்தையும் கேட்டாக வேண்டும். வழி தவறுவது வேடிக்கை என்று சொல்ல எல்லோருக்கும் முடியுமா? மேலே சொன்னவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். படித்தவர்கள். திரும்பிப் போக வீடும், டிக்கெட்டுக்குப் பணமும் உள்ளவர்கள். இரவு பத்து மணிக்குத் தெரியாத ஊரில் தெருப்பெயர் மறந்து நிற்பது நாராயணுக்குச் சிரிப்பான அத்தியாயம். தனியாக வந்த பெண்ணுக்கு அது அத்தியாயமாக அல்ல, பயமாக இருக்கும். பிழைப்புக்காக ரயிலேறி வந்து, மொழி தெரியாத ஊரில் மூட்டை தூக்குபவர் வழி தவறினால் அன்றைய கூலி போய்விடும். இந்த நாட்டில் அதிக தூரம் பயணம் செய்தவர்கள் அவர்கள்தான். கண்டிச் சீமைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடந்தே போன தமிழ்த் தொழிலாளர்களைவிடப் பெரிய பயணிகள் யார்? அவர்கள் பயண நூல் எழுதவில்லை. ஆனால் அந்தத் தோட்டங்களில் அவர்கள் பாடிய பாட்டுகளை சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தொகுத்தார்கள். அந்தப் பாட்டுகளில் கங்காணியும் துரையும் படும் கேலியைக் கவனித்தால், அவர்களுக்கும் சிரிக்கத் தெரியும் என்பது புரியும். தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்வது வசதியுள்ளவனின் நாகரிகம். தன்மேல் ஏறி நிற்பவனைப் பார்த்துச் சிரிப்பது வசதியற்றவனின் தைரியம். பயண நூல் அலமாரியில் முதலாவதற்கு மட்டும் இடம் கொடுத்துவிட்டு நாம் திருப்திப்பட முடியாது.

ஆயினும் முதல் ரகத்தின் மதிப்பு அதனால் குறைந்துவிடாது. மைசூரில் அதைச் சொல்வதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். வீடுகளை விட்டு ஓடினார்கள். 2016 செப்டம்பரில் மறுபடியும் பெங்களூரில் பஸ்கள் எரிந்தன. இரண்டு மாநிலத்தவரும் ஒருவரை ஒருவர் அதிகமாகப் பார்த்தது அந்த நாட்களில்தான். கல்லும் கொடும்பாவியும் தீயுமாகத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்தப் படங்கள் பொய்யல்ல. அவை மட்டுமே உண்மை என்று நம்பத் தொடங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது.

அமெரிக்காவில் காப்பிக்காக வாதாடும் நாராயணைப் படித்து மைசூர்க் கன்னடியர் சிரிக்கிறார்; அது தன் ஊர்க் காப்பி என்று சொந்தம் கொண்டாடுகிறார். தமிழரும் அப்படியே சொந்தம் கொண்டாடுகிறார். அட்டைக்கடியில் அலறும் சென்னை மாணவர்களைப் படித்து கன்னட வாசகர் சிரிக்கும்போது, அந்தப் பிள்ளைகள் அவருக்கு எதிரி மாநிலத்தவர் ஆவதில்லை. யார் வீட்டிலும் இருக்கக்கூடிய பிள்ளைகள் ஆகிறார்கள். காவிரி பிறக்கும் குடகில் தி. ஜானகிராமன் கண்ட மனிதர்களோடு தமிழ் வாசகருக்கு ஒரு பரிச்சயம் ஏற்பட்டுவிடுகிறது. நதிநீர்ப் பங்கீட்டை எந்தப் பயண நூலும் தீர்த்துவைக்காது. ஆனால் ஒருவரோடு சேர்ந்து சிரித்துவிட்ட பிறகு அவர்மேல் கல்லெறியக் கை கொஞ்சம் தயங்கும். இந்தத் தயக்கம் அற்பமானதல்ல.

ஊர்கள் நிலைப்பதில்லை. தேவராஜ மார்க்கெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த லேன்ஸ்டவுன் கட்டிடம் இருக்கிறது. பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன இடம் அது. 2012 ஆகஸ்டில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016-ல் மார்க்கெட்டின் வடபகுதியும் சரிந்தது. இடித்துக் கட்டுவதா, பழுதுபார்த்துக் காப்பதா என்ற தகராறு நீதிமன்றம் வரை போயிற்று. ஒவ்வொரு முறையும் கையேட்டில் ஒரு பக்கம் காலாவதியாகிறது. கடை மாறினால், பஸ் நம்பர் மாறினால், நுழைவுக் கட்டணம் உயர்ந்தால் அடுத்த பதிப்பு வாங்கியாக வேண்டும்.

பூ வாங்கப் போய் மாருக்கும் முழத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவரின் கதைக்கு அடுத்த பதிப்பு தேவையில்லை. மார்க்கெட்டே இல்லாமல் போனாலும், அங்கே ஒரு பூக்காரர் இருந்தார், தன் கையின் நீளத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்தது, வெளியூர்க்காரர் ஒருவர் அவரிடம் தோற்றுப்போனார் என்பது இருக்கும். அடுத்த விடுமுறைக்கு வெளியூர் போகிறவர்கள் படங்களோடு கூட இப்படிப்பட்ட ஒரு தோல்வியையும் எழுதிக்கொண்டு வரலாம். நம் பிள்ளைகள் படங்களைப் பார்க்காமல் போகக்கூடும். அப்பா ஹுளியைப் புலி என்று நினைத்த கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள்.